தாமாருக்கு யார் துணை?



2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். ராஜாவின் மகள் தாமாரை அவள் சகோதரன் அம்னோன் கெடுத்தான். அதோடு முடிந்ததா? அவனே அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் செய்தான். கூடப்பிறந்த அப்சலோம் அவள் வாயை அடக்கினான். தகப்பன் தாவீதுக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்னோனைத் தண்டித்ததாக அங்கே இல்லை. ஒரு காயத்தின்மேல் எத்தனை காயம்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து உபவாச ஜெபங்களில் என் காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு: "சின்ன வயசுலயும் இவளுக்கு நடந்துச்சு, இப்பவும் நடக்குது. ஏதோ சாபக்கட்டு இருக்கு பாஸ்டர்."

இல்லை, பிரியமானவர்களே! இது சாபமல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஒரு கணக்கின்படி, சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிற்காலத்திலும் அது நேர்ந்திருக்கிறது. ஏன்? பயத்தில் உறைந்துபோகப் பழகின பிள்ளைக்கு, வளர்ந்தபின்னும் ஆபத்து வேளையில் சத்தம் எழும்புவதில்லை. 'தப்பு என்னுதுதான்' என்று நம்பவைக்கப்பட்டவள் யாரிடமும் சொல்வதில்லை. துஷ்டன் தேடுவதும் அப்படித் துணையற்றவளையே. மந்தையை விட்டுத் தனித்து நிற்கும் ஆட்டைத்தான் ஓநாய் பார்க்கும். குற்றம் ஆட்டின்மேலா?

சபை செய்யவேண்டியது என்ன? "மன்னிச்சிட்டு வீட்டுக்குப் போம்மா" என்று கொடுமைக்காரன் இருக்கும் வீட்டுக்கே அனுப்பாதீங்க. மன்னிப்பு வேறே, பாதுகாப்பு வேறே. சாட்சி சொல்லச்சொல்லி மேடையில் ஏற்றாதீங்க. ஊழியக்காரரானாலும் அவளைத் தனியறையில் சந்திக்கவேண்டாம். அவள் நம்புகிற மூத்த சகோதரி ஒருவர் கூட இருக்கட்டும். ஜெபிப்போம், மனநல மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போவோம். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்களை வேதாகமத்துக்குள் எழுதி வையுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடந்த கொடுமை தெரிந்தும் மறைத்தால், 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி அதுவும் குற்றம். பாஸ்டருக்கும் விலக்கில்லை.

இதை வாசிக்கிற மகளே, மகனே, ரெண்டாம் தரமும் நடந்ததினால் நீ குற்றவாளி ஆகிவிடவில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் வாய்திறந்து சொல்லு. தாமார் சகோதரன் வீட்டில் தனிமையாய்க் கிடந்தாள். நம் சபையில் ஒருத்தரும் அப்படிக் கிடக்கக்கூடாது. கர்த்தர் உன்னைக் காண்கிறார். அவர்தாமே உன்னைத் தேற்றுவாராக. ஆமென்!