அகழி முடியும் இடம்

எங்கள் நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவே பள்ளம் வெட்ட வண்டி வந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம், காட்டை ஒட்டிய ஊர். காகிதத்தில் அதற்குப் பெயர் யானைத் தடுப்பு அகழி. ஊரில் டிரெஞ்சு. வெட்ட வந்த வண்டியை எல்லோரும் ஹிட்டாச்சி என்றார்கள், அப்பா மட்டும் பொக்லைன் என்பார். ஒன்று ஜப்பான் கம்பெனி, இன்னொன்று பிரான்ஸ் கம்பெனி. வண்டிமேல் எழுதியிருந்ததோ மூன்றாவதாக ஒரு பெயர்.

ஆபரேட்டர் அண்ணனுக்கு டீ கொண்டுபோவது என் வேலை. மேலே மூன்று மீட்டர் அகலம், ஆழம் ஓர் ஆளுக்கு மேல், அடியில் குறுகல். யானையால் தாவ முடியாது. நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பாத உடம்பு அது. அதனால்தான் வெறும் பள்ளம் அதை நிறுத்துகிறது. தாத்தா காலத்தில் ஒரு கிணற்றைக் கடப்பாரையும் கூடையுமாக இரண்டு கோடை வெட்டினார்களாம். இந்த வண்டி எங்கள் நிலத்தின் நீளத்தை ஒரே நாளில் முடித்துவிட்டது.

மூன்றாம் நாள் பக்கெட் பாறையில் உரசிக் கிறீச்சிட்டது. “பாறைங்க, இதுக்கு மேல ஆகாது” என்று அண்ணன் வண்டியைத் திருப்பினார். பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு மாமாவின் ஒன்றரை ஏக்கர்.

அந்த வருஷம் ராகி முற்றும்போது எங்கள் பரண் காலியாக இருந்தது. பல வருஷம் கழித்து அப்பா வீட்டுக்குள் தூங்கினார். யானைகள் பள்ளத்தின் ஓரமாகவே நடந்துபோய், அது முடிகிற இடத்தில் இறங்கின. மாமாவின் ராகி ஒரே ராத்திரியில் போயிற்று. அவர் சண்டைக்கு வரவில்லை. டீக்கடையில், “உன் வூட்டு விருந்தாளிக்கு எங்க வூட்டுக்கு வழி காட்டிட்டியே மச்சான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்.

கல்லூரியில் டிராலி பிரச்சினை படித்தேன். ஃபிலிப்பா ஃபுட் 1967இல் எழுதியது. ஓடும் டிராம், ஒரு தடத்தில் ஐந்து பேர், மறு தடத்தில் ஒருவர், திருப்பலாமா? அங்கே திருப்புகிறவர் யார் என்றாவது தெரியும். இங்கே மனு கொடுத்தவர், ஆர்டர் போட்டவர், வண்டி ஓட்டியவர், டீ கொண்டுபோனவன் என்று எத்தனை பேர்! யாரைக் கேட்டாலும் பாறையைக் காட்டுவார்கள்.

சொந்தப் பயிரைக் காப்பது தப்பா? இல்லை. ஆனால் பள்ளத்துக்கு முன்பு நஷ்டத்துக்கு ஒரு முறை இருந்தது: ஒரு ராத்திரி நாங்கள், ஒரு ராத்திரி அவர்கள். யானை யார் பட்டா என்று பார்ப்பதில்லை. பள்ளம் பார்த்தது. எங்களுக்கு மிச்சமான மூட்டைகளில் இரண்டை மாமா வீட்டில் இறக்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அரசாங்கப் பணம், வாடகை வண்டி, இயற்கையான பாறை. இதில் எங்கள் கை எங்கே இருக்கிறது? ஊரே மண்வெட்டி பிடித்து வெட்டியிருந்தால் மாமாவும் கூட நின்றிருப்பார், எங்கே நிறுத்துவது என்று வாரக்கணக்கில் சண்டை நடந்திருக்கும். அந்தச் சண்டைக்கு வண்டி நேரம் தரவில்லை.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. மின்சாரம் வைத்தது குற்றம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் செய்தியைப் படித்தபோது அந்தப் பாறைதான் கண்முன் வந்தது. பள்ளம் எட்டாத ஆளுக்கு அடுத்து என்ன தோன்றும்? மாமா கம்பி கட்டவில்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். ராத்திரிக் காவல் அவருக்குப் பழக்கம்தானே.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது பள்ளம் பாதி தூர்ந்திருந்தது. மழை கொஞ்சம் கரைத்தது, மீதியை யானைகளே விளிம்பை உதைத்துச் சரித்துவிட்டன. மறுபடி வண்டி கேட்டு மனு எழுதித் தரச் சொன்னார் அப்பா. பாறையை உடைத்து மாமா நிலத்தையும் சேர்க்கச் சொல்லி எழுதினேன். வாசித்துவிட்டு அப்பா கேட்டார்: “அதுக்கு அந்தாண்ட யாரு நெலம்னு தெரியுமா?”

தெரியும். மனு இன்னும் என் பையில்தான் இருக்கிறது.