சுவையும் பெயரும்: தீர்ப்பின் நேர்மை பற்றிய ஒரு நோக்கு

ஒரு பொருளை நன்றென்றோ தீதென்றோ கூறுபவன் அப்பொருளைப் பற்றித்தான் பேசுகிறானா, அன்றி அதற்கு உலகம் முன்னரே வழங்கிவிட்ட பெயரைப் பற்றிப் பேசுகிறானா என்பது அழகியலிலும் ஒழுக்கவியலிலும் ஒருங்கே எழும் வினாவாகும். கவிதை, ஓவியம், இசை முதலியவற்றை முன்னிறுத்தி இவ்வினா பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. ஆயின், அதனை மிக எளிய வடிவிற் காண்பதற்கு ஓர் உணவு மேசையே போதுமானது. வைன் எனப்படும் திராட்சை மதுவில் ஈடுபாடு கொண்ட நண்பர்கள் மேனாட்டு நகரங்களிற் கூடி நடத்தும், பெயர் மறைத்துச் சுவைக்கும் விருந்து அத்தகையதொரு களமாகும்.

அவ்விருந்தின் முறை எளிது. வருவோர் ஆளுக்கொரு போத்தல் கொண்டுவருவர். ஒவ்வொரு போத்தலும் கடதாசியாலோ துணிப்பையாலோ மூடப்பட்டு இலக்கமிடப்படும். தக்கையும் கழுத்தைச் சுற்றிய தகடும் முன்னரே அகற்றப்படும். போத்தலின் உருவமும் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடும். போர்தோப் பிரதேசத்துப் போத்தல் நிமிர்ந்த தோளுடையது. பேர்கண்டிப் பிரதேசத்துப் போத்தல் சரிந்த தோளுடையது. ஆதலால், மதுவை வேறு கலங்களுக்கு மாற்றிவிடுவோரும் உளர். கிண்ணங்களில் வார்த்தபின் நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு, விழுங்கிய பின்னர் நாவில் எஞ்சும் சுவையின் நீட்சி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே குறித்துக்கொள்வர். எழுதி முடிக்கும்வரை எவரும் தம் கருத்தை வெளியிடுவதில்லை. புள்ளிகள் கூட்டப்பட்டபின், இறுதியிலேயே உறைகள் நீக்கப்படும்.

பொழுதுபோக்காகத் தோன்றும் இம்முறை எத்துணை ஆழமான விளைவுகளை உண்டாக்கவல்லது என்பதற்கு 1976ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி பாரிஸ் நகரில் நிகழ்ந்த சோதனை தக்க சான்றாகும். அந்நகரில் மதுக்கடையும் மதுப் பயிற்சிக்கூடமும் நடத்திவந்த ஆங்கிலேயரான ஸ்ரீவன் ஸ்பரியர், அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டையொட்டி அதனை ஒழுங்கு செய்தார். கலிபோர்னியாவின் வெள்ளை மது ஆறும் பேர்கண்டியின் வெள்ளை மது நான்கும் ஒரு வரிசையாகவும், கலிபோர்னியாவின் சிவப்பு மது ஆறும் போர்தோவின் சிவப்பு மது நான்கும் மற்றொரு வரிசையாகவும் வைக்கப்பட்டன. முடிவு, பிரெஞ்சு நடுவர் ஒன்பதின்மர் இருபதுக்கு வழங்கிய புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்பட்டது. அவர்கள் யாவரும் அத்துறையிற் பெயர் பெற்றவர்கள். வெள்ளை வரிசையில் ஷற்றோ மொன்ரலீனாவின் 1973ஆம் ஆண்டு மது முதலிடம் பெற்றது. சிவப்பு வரிசையில் ஸ்ரக்ஸ் லீப் வைன் செலர்ஸின் 1973ஆம் ஆண்டு மது, புகழ்பெற்ற மூற்றோன் றொத்ஷில்டின் 1970ஆம் ஆண்டு மதுவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. இரண்டு வெற்றிகளும் கலிபோர்னியாவுக்கே உரியனவாயின.

இந்நிகழ்ச்சியைப் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான போட்டியாகவே பலரும் நினைவுகூருவர். ஆயின், ஒழுக்கவியல் நோக்கில் முக்கியமானது வெற்றியன்று. அதனைத் தொடர்ந்து நிகழ்ந்த சிறு சம்பவமொன்றேயாகும். முடிவு அறிவிக்கப்பட்டதும், நடுவருள் ஒருவர் தாம் எழுதிக் கொடுத்த புள்ளித் தாளைத் திரும்பப் பெற முயன்றார். தாம் சுவைத்ததும் எழுதியதும் உண்மையே. எனினும் உறை நீங்கியபின் அவ்வுண்மைக்கு உடையவராக இருப்பது அவருக்கு இயலாததாயிற்று. கிண்ணத்தில் இருந்த மது மாறவில்லை. நாவும் மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. அப்பெயர் வந்து சேர்ந்ததும், முன்னர்க் கூறிய தீர்ப்பு கூறியவருக்கே அந்நியமாகிவிட்டது.

பெயர் தீர்ப்பின் மீது கொள்ளும் ஆதிக்கம் பிற்காலத்து ஆய்வுகளாலும் நிறுவப்பட்டுள்ளது. 2001ஆம் ஆண்டு வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், போர்தோவில் மதுவியல் பயின்ற 54 பேரிடம் வெள்ளை மதுவுக்கு மணமற்ற சிவப்புச் சாயமூட்டிக் கொடுக்கப்பட்டபோது, சிவப்பு மதுவுக்கே உரிய சொற்களால் அதன் மணத்தை அவர்கள் வருணித்தனர். கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2008ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே மது ஒருமுறை 10 டொலர் பெறுமதியுடையதாகவும் மற்றொருமுறை 90 டொலர் பெறுமதியுடையதாகவும் அறிமுகஞ் செய்யப்பட்டது. உயர்ந்த விலை கூறப்பட்டபோது அருந்தியோர் கூடுதலாக மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி வாய்ப்பேச்சாக மட்டும் நிற்கவில்லை. இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் அப்போது மிகுந்து காணப்பட்டது. அதே ஆண்டில் றொபேட் ஹொட்ஜ்சன் வெளியிட்ட ஆய்வு, ஒரே போத்தலிலிருந்து மும்முறை வார்க்கப்பட்ட மதுவுக்கு ஏறக்குறைய ஒத்த புள்ளிகளை வழங்கிய போட்டி நடுவர்கள் பத்தில் ஒரு பங்கினரே எனக் காட்டியது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும் ஐயவாதி, சுவையறிவு என ஒன்று இல்லை என்றும், சுவைஞர் எனப்படுவோர் செல்வர் கூட்டத்தின் பாசாங்குகளையே அறிவென்று விற்பவர் என்றும் முடிவு கூறுவான். இம்முடிபில் ஓரளவு உண்மை உண்டு. விலையும் பெயரும் ஒரு வகுப்பினர் தம்மை ஏனையோரிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் கருவிகளாகப் பயன்படுதல் மறுக்கற்பாலதன்று. ஆயினும், அறிவு தவறக்கூடியது என்பதிலிருந்து அறிவே இல்லை என்னும் முடிபு பெறப்படுவதில்லை. தவறு என ஒன்றைச் சுட்டுவதற்கே, சரி என ஒன்று இருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் டேவிட் ஹியூம் 1757ஆம் ஆண்டு வெளியிட்ட, சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரை மனங்கொள்ளத்தக்கது. செர்வாந்தேசின் தொன் கிகோத்தே நாவலில் வரும் கதையொன்றை அவர் அங்கு எடுத்தாளுகிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்துக் கருத்துக் கூறுமாறு கேட்கப்படுகின்றனர். மது நன்று, ஆயின் சிறிது தோல் வாடை வீசுகின்றது என்கிறார் ஒருவர். நன்றே, ஆயின் சிறிது இரும்பின் சுவை தட்டுகின்றது என்கிறார் மற்றவர். சூழ இருந்தோர் இருவரையும் எள்ளி நகைக்கின்றனர். பீப்பாய் வெறுமையானபோது, தோல்வார் கட்டிய பழைய திறவுகோலொன்று அதன் அடியிற் கிடக்கக் காண்கின்றனர். பெயராலோ விலையாலோ தூண்டப்படாத நா, பிறர் உணராத ஒன்றை உணர்தல் கூடும் என்பதும், அவ்வுணர்வு வெளியுலகிலுள்ள ஒரு பொருளாற் சரிபார்க்கப்படல் கூடும் என்பதும் இக்கதையாற் பெறப்படும் கருத்துகளாம். 1953ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய மாஸ்டர் ஒவ் வைன் பரீட்சை, பெயர் அறியாத மதுக்களைச் சுவைத்து அவற்றின் பிறப்பிடமும் தரமும் கூறுமாறு இன்றும் பணிக்கின்றது. அதிற் சித்தியடைவோர் சிலரே. எனினும் சித்தியடைவோர் உளர் என்பது நோக்கற்பாலது. சுவையறிவு பொய்யன்று. அது மெலிந்தது, பெயரின் சுமையை ஏற்றினால் எளிதில் வளையக்கூடியது. மெலிந்ததாதலாற்றான் அதற்குக் காப்பு வேண்டப்படுகின்றது. போத்தலைச் சுற்றிய கடதாசி அக்காப்பேயாகும்.

அவ்வாறாயின் பெயர் என்பது முற்றிலும் விலக்கத்தக்க பொய்தானா என்ற வினா எழுகின்றது. ஐயவாதியின் கூற்றை மறுப்பதினும் இவ்வினாவுக்கு விடை காண்பது கடினம். றூடி குர்ணியவான் என அறியப்பட்ட மது வணிகரின் வரலாறு இதற்கு உதவும். இந்தோனேசியாவிற் பிறந்து கலிபோர்னியாவில் வாழ்ந்த அவர், நண்பர் விருந்துகளில் மறைக்கப்பட்ட மதுக்களை இனங்காணும் திறமையாற் புகழ் பெற்றார். அப்புகழின் துணையோடு அரிய பழம் போத்தல்களை விற்கவுந் தொடங்கினார். 2006ஆம் ஆண்டு ஓர் ஏலத்தில் மட்டும் அவருடைய மதுக்கள் 2 கோடியே 47 இலட்சம் டொலருக்கு விலைபோயின. 2008ஆம் ஆண்டு நியூயோர்க் ஏலமொன்றில், 1945 முதல் 1971 வரையான ஆண்டுகளைத் தாங்கிய குளோ சான் தெனி என்னும் பேர்கண்டி மது, பொன்சோ குடும்பத்தின் பெயரால் விற்பனைக்கு வந்தது. அம்மதுவைத் தம் குடும்பம் 1980களிலேதான் உற்பத்தி செய்யத் தொடங்கியது என்பதை லோறன் பொன்சோ எடுத்துக்காட்ட, போத்தல்கள் மீளப்பெறப்பட்டன. 2012இல் குர்ணியவான் கைதுசெய்யப்பட்டபோது அவருடைய வீட்டிற் போலிச் சுட்டிகளும் தக்கைகளும் கலவைக் குறிப்புகளும் கைப்பற்றப்பட்டன. 2013இற் குற்றவாளியாகக் காணப்பட்ட அவருக்கு, 2014இற் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவருடைய கலவைகளை அருந்தியோர் பலர் உண்மையாகவே மகிழ்ந்தனர். சுவை ஒன்றே பொருட்டாயின் அவர்கள் இழந்தது யாது? பணத்தை மட்டுமே இழந்தனர் எனக் கூறுதல் போதாது. போர் முடிந்த ஆண்டொன்றில், ஒரு குறித்த நிலத்தில், குறித்த மனிதர் கைபட்டு விளைந்த ஒன்றோடு தொடர்பு கொள்வதாக அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கை நாவின்பத்தின் பகுதியன்று. வரலாற்றோடு கொள்ளும் உறவின் பகுதி. அதனைப் பொய்யாக்கியமை நாவுக்கு இழைத்த தீங்கன்று, அறிவுக்கு இழைத்த தீங்காகும். மேலும், ஏலத்தில் அம்மோசடியை வெளிக்கொணர்ந்தது எவருடைய நாவுமன்று. எந்த ஆண்டில் எது உற்பத்தியானது என்னும் பெயர் சார்ந்த அறிவே அதனை வெளிக்கொணர்ந்தது.

எனவே பெயருக்கு இரு தொழில்கள் உள்ளன எனக் கொள்ளுதல் பொருந்தும். தீர்ப்புக்கு முன் வரும் பெயர் அதிகாரம். அது தீர்ப்பின் இடத்தைத் தானே கவர்ந்துகொள்கிறது. தீர்ப்புக்குப் பின் வரும் பெயர் தகவல். அது தீர்ப்பைச் சோதிக்கவும் விரிவுபடுத்தவும் துணைபுரிகிறது. பெயரை என்றென்றைக்கும் அழித்துவிடுதல் அவ்விருந்தின் நோக்கமன்று. வேண்டிய பொழுதுவரை அதனைக் காத்திருக்கச் செய்வதே நோக்கமாகும். உறை நீக்கப்படாத விருந்து, உறையே இடப்படாத விருந்தைப் போலவே குறையுடையது.

இங்கு ஒரு நுட்பமான இடர்ப்பாடு உண்டு. உறை நீங்கியபின், "ஆம், இப்பொழுது அந்த மணம் புலப்படுகின்றது" எனத் தன் கருத்தை மாற்றிக்கொள்பவன் கற்றுக்கொள்கிறானா, அன்றித் தன்னைத்தானே ஏமாற்றுகிறானா? கருத்தை மாற்றுதல் யாவும் கோழைத்தனமன்று. மாற்றாமை யாவும் உறுதியுமன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு ஹியூமின் கதையிலுள்ள திறவுகோல் துணைபுரியும். கருத்து மாறியவன் கிண்ணத்துக்கே மீண்டு, முன்னர்த் தான் கவனியாத ஒன்றைச் சுட்டி, அருகிருப்போரும் அதனைத் தேடிக் காண வழிகாட்ட வல்லனாயின் அது கற்றல். பெயரையன்றி வேறெதனையும் சுட்ட இயலாதவனாயின் அது பணிதல். பாரிஸ் நடுவர் தமது மதிப்பீட்டை மாற்றியதிற் பிழையில்லை எனலாம். மாற்றுவதற்கான காரணத்தைக் கிண்ணத்தில் தேடாமல், தாளை மறைப்பதில் தேடியமையே பிழை.

இத்தகைய சோதனை நண்பர்களிடையே நிகழ்வதும் பொருளுடையதே. தவறிவிடுவோம் என்ற அச்சம் தனியொருவனுக்கு மட்டும் உரியதாயின், அவன் பேசாதிருப்பான். அல்லது மேசையிற் பெரியவர் யாது கூறுவார் எனக் காத்திருப்பான். எல்லோரும் எழுதுகின்றனர், எல்லோரும் ஒருமுறையேனும் தவறுகின்றனர் என்னும் நிலையில், தவறு இழிவாகாது, பொதுவான அனுபவமாகின்றது. அரும்பொருள் கொணர்ந்த செல்வனும் மலிவான போத்தல் கொணர்ந்தவனும் அம்மேசையிற் சில நாழிகையேனும் சமமாகின்றனர். தன் போத்தலையே இனங்காணாது அதனைக் கடைசி இடத்தில் வைத்துவிட்டு, பின்னர்த் தானும் சேர்ந்து நகைப்பவனிடம் காணப்படும் பண்பு அறிவடக்கமாகும்.

இவ்வொழுக்கம் மது மேசையோடு முடிவதன்று. பரீட்சை விடைத்தாளிற் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் எழுதப்படுவதும், 1970கள் முதலாக அமெரிக்க இசைக்குழுக்கள் பல ஆட்சேர்ப்பின்போது வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் இருத்தியதும் இதே கோட்பாட்டின் செயல்வடிவங்களே. எனினும் அதற்கு எல்லையும் உண்டு. சாட்சியம், வாக்குறுதி, கடன் ஆகியவற்றில் யார் கூறினார் என்பதே பொருளின் பகுதியாதலால், அங்கு பெயரை மறைத்தல் நீதியாகாது. எங்கே மறைப்பது, எப்பொழுது வெளிப்படுத்துவது என்பதை அறிதலே நடுநிலையின் கடினமான பகுதியாகும்.

உறைகள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நூலொன்றைத் திறக்குமுன் ஆசிரியர் பெயர் கண்ணிற் படுகின்றது. கருத்தொன்றைக் கேட்குமுன் கூறுபவரின் குலமும் பதவியும் செவியில் விழுகின்றன. அத்தகைய இடங்களில் உறையின் வேலையை மனமே செய்தல் வேண்டும். அது முழுமையாக இயலாதது என்பதை மேற்கூறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும், கண்டதை முதலில் எழுதிவைத்தல், எழுதியதற்குப் பொறுப்பேற்றல், மாற்ற நேர்ந்தாற் காரணத்தைப் பொருளிலேயே காட்டுதல் என்னும் மூன்றும் எவருக்கும் இயல்வனவே. தாளைத் திரும்பக் கேளாதிருத்தற்கு நுண்ணிய நா வேண்டியதில்லை. தன் தீர்ப்புக்குத் தானே உடையவனாயிருக்கும் துணிவு ஒன்றே அதற்கு வேண்டப்படுவது.