நத்தைக்கு நாம் பட்ட கடன்

அறம் பற்றிப் பேச வந்தால் பெரிய விடயங்களையே எடுத்துக்கொள்வது நமது வழக்கம். இம்முறை மிகச் சிறிய உயிர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

சான் ரமோனிலும் அயலூர்களிலும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் உப்புநீர் மீன்தொட்டிகள் இருக்கின்றன. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், வாங்கிக் கொடுத்தோம். மீன்களுக்குப் பிள்ளைகள் பெயர் வைக்கிறார்கள். கண்ணாடியில் படியும் பாசியை மேய்ந்து தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் நத்தைக்குப் பெயர் இல்லை. கடையில் அதை விற்பதே ‘துப்புரவுக் கூட்டம்’ என்று, டசின் கணக்கில்தான். மீன் செத்தால் வீட்டில் துக்கம். நத்தை செத்தால் இன்னொரு டசின்.

கணக்கு எழுதும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பாகுபாடு பழகியதுதான். நெடுங்காலம் பேண வேண்டியதைச் சொத்து என்று எழுதுவோம். பாவித்துத் தீர்ப்பதைச் செலவு என்று எழுதுவோம். மீன் சொத்து. நத்தையோ சவர்க்காரத்தோடும் துடைப்பத்தோடும் சேர்ந்து செலவுப் பக்கத்தில் நிற்கிறது. ஓர் உயிரைச் செலவுப் பக்கத்தில் எழுதலாமா என்பதே இங்கே கேள்வி.

முதலில் அது எதனால் சாகிறது என்று பார்ப்போம். மீன் தன் உடம்பின் உப்பை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். கடல் நத்தையால் அது முடியாது. சுற்றியுள்ள நீரில் எவ்வளவு உப்போ, ஏறக்குறைய அவ்வளவே அதன் உடம்பிலும். ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குள் சட்டென்று போட்டால் அது தாங்காது. ஆகவே விடயம் தெரிந்தவர்கள் மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைத் துளித்துளியாகக் கலந்து, ஒரு மணி நேரமாவது பழக்கிய பிறகே உள்ளே விடுவார்கள். நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பம் 76 முதல் 78 பாகை பரனைட்டிலும், ஓடு வளர்வதற்கு வேண்டிய கல்சியம் பத்து லட்சத்துக்கு 400 முதல் 450 பங்கு வரையிலும் இருக்க வேண்டும். நம் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரமைன் சேர்க்கிறார்கள்; அதை நீக்காமல் தொட்டிக்குப் பாவிக்கக் கூடாது. மீன் நோய்க்கு விடும் செம்பு மருந்து நத்தைக்கு நஞ்சு.

இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யும் வீட்டிலும் நத்தை சாவதுண்டு. காரணம் பட்டினி. பாசி மேயும் நத்தைக்கு வேலையும் உணவும் ஒன்றே. வேலையை நன்றாகச் செய்தால் பாசி தீர்ந்துவிடும், பாசி தீர்ந்தால் உணவு இல்லை. கண்ணாடி பளிச்சென்று இருப்பதைப் பார்த்து நாம் மகிழும் நாளிலேயே அது பட்டினி கிடக்கத் தொடங்குகிறது. அது சத்தம் போடாது. ஒரு மூலையில் ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும்.

“கடலில் நாள்தோறும் எத்தனையோ நத்தைகளை நண்டும் மீனும் தின்கின்றன. ஒரு நத்தைக்காக இவ்வளவு யோசிக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நமது கடன் நத்தையின் பெருமையிலிருந்து பிறப்பதல்ல, நாம் செய்த செயலிலிருந்து பிறப்பது. கடலில் ஒரு பாறையில் பாசி தீர்ந்தால் அது அடுத்த பாறைக்கு ஊர்ந்து போகும். 1984இல் திறக்கப்பட்ட மொன்டரே கடற்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். அங்கே நிமிடத்துக்கு 2,000 காலன் வரை குடாவின் நீரை இறைக்கிறார்கள். இரவில் அதை வடிகட்டாமல் விடுவதால் கடலின் நுண்ணுயிர்களும் உணவாக உள்ளே வருகின்றன. அங்கே சுவருக்குள்ளும் கடல் வந்து போகிறது. நம் வீட்டுத் தொட்டியில் இருப்பது சுவர் மட்டுமே. கடல் செய்துவந்த வேலையை நாம் செய்யாவிட்டால் செய்வதற்கு வேறு ஆள் இல்லை.

அகதிகளாக வந்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1983க்குப் பின் படகேறி இராமேஸ்வரக் கரை சேர்ந்து, மண்டபம் முகாமில் பதியப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். முகாமில் இருப்பவர் நினைத்த இடத்துக்கு நினைத்தபடி போய்விட முடியாது. அரசு அரிசியும் உதவிப் பணமும் கொடுத்தது. அதைத் தருமம் என்பவர்கள் உண்டு. நன்றி மறவாமலே நாங்கள் வேறு விதமாகச் சொல்வோம்: வேலி போட்டவரே அரிசியும் அளக்க வேண்டும், அரிசி, வேலியின் மறுபாதி. மனிதரையும் நத்தையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இரண்டிடத்திலும் கடன் பிறக்கும் வழி ஒன்று என்றே சொல்கிறோம்.

திருக்குறளில் கொல்லாமை துறவறவியலில் வருகிறது; விருந்தோம்பல் இல்லறவியலில் வருகிறது. எந்த உயிரையும் வீட்டுக்குக் கொண்டுவராத துறவிக்குக் கொல்லாதிருப்பது போதுமாகலாம். இல்லறத்தில் இருக்கும் நாம், வாசலுக்குள் கொண்டுவந்த உயிருக்கு ஊட்டவும் வேண்டும். “நாங்கள் கொல்லவில்லை, அது தானாகச் செத்தது” என்று சொல்லித் தப்பிக்க இல்லறத்தாருக்கு வழியில்லை.

மண்டபத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவிலேயே கடல் நத்தை ஒன்றுக்கு ஒரு பழைய விதி இருந்தது. கோயிலில் நாம் ஊதும் சங்கும், கார்த்திகைச் சோமவாரச் சங்காபிஷேகத்தில் 108 ஆகவும் 1008 ஆகவும் அடுக்கும் சங்கும் நத்தையின் ஓடுதானே? அது மணலில் புழுக்களைத் தின்று வாழ்வது. அதன் குஞ்சுகள் நீரில் மிதந்து பரவுவதில்லை. முட்டைக் கூட்டிலிருந்து ஊர்ந்தே வெளிவருகின்றன. ஓரிடத்தில் வழித்து எடுத்துவிட்டால் அங்கே சங்கு மீள்வது கடினம். ஆகவே தூத்துக்குடிச் சங்கு குளிப்பில் அரசு ஓர் அளவு வைத்திருந்தது: குறுக்களவு 2¼ அங்குலத்துக்குக் குறைந்த உயிர்ச்சங்கு கடலுக்கே திரும்ப வேண்டும். அளவுத் துளையில் இட்டுப் பார்ப்பார்கள். துளைக்குள் போனது கடலுக்கு. போகாதது கரைக்கு வந்து, பெரும்பாலும் வங்காளத்தின் வளையல் பட்டறைகளுக்கு. வருமானம் குன்றாமல் இருக்க வைத்த விதிதான், கருணையால் வைத்ததல்ல. ஆயினும் எடுக்கும் கைக்கு அது ஓர் எல்லை வைத்தது.

நம் தொட்டிகளுக்கும் அப்படி ஓர் அளவுத் துளை வேண்டும். அழுக்கைப் பார்த்து நத்தை வாங்காமல், உணவைப் பார்த்து வாங்குவோம். காலனுக்கு ஒன்று என்று கடையில் சொன்னாலும், இரண்டு மூன்றோடு தொடங்கி, பாசி மிஞ்சினால் மட்டும் கூட்டுவோம். பாசி தீர்ந்தால், உப்பும் எண்ணெயும் சேராத நோரித் தாளில் ஒரு துண்டைக் கல்லில் கட்டி உள்ளே விடுவோம். எங்கிருந்து பிடித்தது என்று கேட்போம். குளிர்கடல் நத்தைகளையும் வெப்பத் தொட்டிக்கென்று விற்பதுண்டு, அவை நெடுநாள் தாங்கா. ஆஸ்திரேயா என்ற இனம் மணலில் மல்லாந்து விழுந்தால் தானாகத் திரும்ப மாட்டாது. காலையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை அதை நிமிர்த்திவிட்டுப் போகட்டும். மீனுக்குப் பெயர் வைப்பதைவிட அது நல்ல பாடம்.

இவ்வளவும் செய்ய நேரமில்லாத வீடுகளும் உண்டு. இரண்டு வேலை பார்க்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்கள் நத்தையே வாங்க வேண்டாம். பாசியை வழிக்கப் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று போதும். அதற்குப் பசிக்காது.