யார் வீட்டு அடுப்பு?

2025-ஆம் ஆண்டு ஐப்பசியில், மழை தொடங்கிய சமயம், நெய்வேலியில் என் அக்காள் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். அக்காளின் கணவர், என் மாமா, சுரங்கத்தில் பம்புப் பிரிவில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். மகனுக்கும் அங்கேயே வேலை. அவனுடைய குவார்ட்டர்ஸில்தான் இப்போது எல்லோருக்கும் வாசம். மரங்கள் அடர்ந்த அந்த வட்டத்தில் பொழுது சாய்ந்துவிட்டால் சந்தடி இராது. அன்று மட்டும் கூடத்திலிருந்து அக்காளின் விசும்பல் கேட்டது. அமெரிக்காவில் இருக்கும் மகளோடு பேசிவிட்டு அப்போதுதான் போனைக் கீழே வைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். அக்டோபர் முதல் தேதியிலிருந்து அமெரிக்க சர்க்கார் பூட்டிக் கிடந்தது. ஏழை எளியவர்களும் நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கும் மருத்துவ இன்ஷூரன்ஸுக்குத் தரும் உதவித் தொகையை நீட்டித்தால்தான் செலவு மசோதாவுக்குச் சம்மதிப்போம் என்றது ஒரு கட்சி. முதலில் மசோதாவை நிறைவேற்றுங்கள், பிறகு பேசலாம் என்றது மற்றக் கட்சி. நடுவில் லட்சக்கணக்கானவர்களின் சம்பளம் நின்றுபோயிற்று. சர்க்காரின் நிரந்தர ஊழியர்களுக்கு நிலுவை வந்து சேர வேண்டும் என்று 2019-ல் சட்டம் செய்திருக்கிறார்கள். ஒப்பந்தக் கம்பெனி ஆட்களுக்கு அந்த உறுதி இல்லை. எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒப்பந்தக் கம்பெனி ஆள்.

"நம்ம ஊர்க் கதைதான், மாப்பிள்ளை" என்றார் மாமா. "ஒரே குழியில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவன் நிரந்தரம், ஒருவன் ஒப்பந்தம். மழை மட்டும் இரண்டு பேர் தலையிலும் ஒன்றாகத்தான் பெய்யும்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "நானும் ஸ்டிரைக் செய்தவன்தான். கொடி பிடித்தேன், கோஷம் போட்டேன். ஆனால் ஒரு நாளும் பம்பை நிறுத்தச் சொன்னதில்லை."

நெய்வேலியை அறியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெருத்த அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்களை இறக்கி, இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அந்த அழுத்தம் தணியும். நிறுத்தினால் அடித்தரை வெடித்து வெள்ளம் மேலே வரும். 1957-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் 1961-ல்தான் கரியைத் தொட்டார்கள் என்றால், மண்ணோடு மட்டுமல்ல, இந்தத் தண்ணீரோடும் மல்லுக்கு நின்றார்கள் என்று அர்த்தம். மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஒரு நாள் நிறுத்தலாம். உற்பத்தி குறையும், அவ்வளவுதான். பம்பு அப்படியல்ல.

சண்டையில் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது? அன்றிரவு என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

நிறுத்தவே கூடாது என்று சொல்லிவிடுவது சுலபம். அதில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. பலவீனனுக்கு மறுப்பதைத் தவிர வேறு ஆயுதம் ஏது? குறை தீர்த்தால்தான் பணம் தருவோம் என்று மன்னனிடம் மல்லுக்கு நின்றுதான் இங்கிலாந்தில் பார்லிமெண்ட் தன் அதிகாரத்தைச் சம்பாதித்தது. அமெரிக்காவில் அந்தக் கட்சி கேட்டதும் நோயாளிகளுக்காகத்தான். போதாததற்கு, ஆளுகிறவர்களுக்கு எல்லாமே பம்பாகத் தெரியும். 2003-ல் தமிழ்நாட்டில் சர்க்கார் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அத்தியாவசியப் பணி என்று சொல்லி லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்களே! ஆகவே 'நிறுத்தாதே' என்ற உபதேசத்தை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

ஆனால் வேறொரு அளவுகோல் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது 2006-ஆம் ஆண்டு நெய்வேலி. அந்த வருஷம் நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குகளை விற்பதென்று மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டில்லிக் கூட்டணியில் இருந்த தி.மு.க., தன் மந்திரிகளை விலக்கிக்கொள்ளவும் தயார் என்ற கட்டத்துக்குப் போயிற்று. ஜூலை மாதம் பிரதமர் மன்மோகன் சிங் பங்கு விற்பனைத் திட்டங்கள் அனைத்தையும் நிறுத்திவைத்தார். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதில் உங்களுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் யார் எதைப் பணயம் வைத்தார்கள் என்று பாருங்கள். தொழிலாளி தன் கூலியை வைத்தான். கட்சி தன் நாற்காலியை வைத்தது.

நம் அரசியல் சட்டத்திலும் இந்த நியாயம் இருக்கிறது. மக்கள் சபையில் பண மசோதா தோற்றால் மந்திரிசபை பதவியை விட்டு இறங்க வேண்டும். குமாஸ்தாவின் சம்பளம் நிற்க வேண்டியதில்லை. 1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் வாஜ்பாய் சர்க்கார் கவிழ்ந்தது. கவிழ்த்தவர்களும் கவிழ்ந்தவர்களும் அடுத்த சில நாட்களிலேயே அதே சபையில் உட்கார்ந்து, விவாதமே இல்லாமல் பட்ஜெட்டை நிறைவேற்றிவிட்டுத்தான் கலைந்தார்கள். விவாதமின்றி நிறைவேற்றியது பெருமையல்ல. ஆனாலும் விரோதிகள் இருவரும் பம்பு எது என்று தெரிந்துவைத்திருந்தார்கள்.

அமெரிக்காவிலோ 43 நாள் பூட்டிக் கிடந்தது; அதுவரை அந்த நாடு கண்டவற்றில் அதுவே மிக நீண்டது. விமானங்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். உணவு உதவியை நம்பியிருந்த சுமார் 4 கோடிப் பேர் நவம்பர் பிறந்தபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சட்டசபை அங்கத்தினர்களின் சம்பளம் மட்டும் நிற்கவில்லை. அதற்குத் தனி ஏற்பாடு உண்டு. நவம்பர் 12-ஆம் தேதி பூட்டைத் திறந்தபோது, எந்த உதவித் தொகைக்காகச் சண்டையிட்டார்களோ அது நீட்டிக்கப்படவும் இல்லை. இரு கட்சிகளும் உறுதியைப் பற்றிப் பேசின. பிறர் வயிற்றைப் பணயம் வைத்தவனுக்கு உறுதியாக இருப்பதில் என்ன கஷ்டம்?

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டிருக்கலாம். அரசியல்வாதியை ஏசிவிட்டு எழுந்துபோனால் வாசகர்களுக்கும் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் மாமாவின் வார்த்தை என்னைத்தான் தைத்தது.

சில வருஷங்களுக்கு முன் எனக்கும் தம்பிக்கும் அப்பாவின் வீட்டைப் பற்றித் தகராறு. அம்மா தம்பியோடு இருந்தாள். அவள் மருந்துச் செலவுக்கு நான் மாதம் பிறந்ததும் பணம் அனுப்புவேன். பாகப் பத்திரத்தில் தம்பி கையெழுத்துப் போட மறுத்தபோது, "முதலில் கையெழுத்து, பிறகு பணம்" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். என் பக்கம் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மூன்றாம் மாதம் தம்பி பணிந்தான். பத்திரத்தோடு ஊருக்குப் போனவன், அம்மாவின் மருந்துப் பெட்டியைத் தற்செயலாகத் திறந்தேன். அந்நேரம் தீர்ந்துபோயிருக்க வேண்டிய ரத்த அழுத்த மாத்திரைகள் பாதி அப்படியே இருந்தன.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் போதும் என்று தோன்றியது" என்றாள் அம்மா. டாக்டருக்கு அப்படித் தோன்றியதா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவரில் ஒருவரைக்கூட அவள் குறை சொல்லவில்லை.

அந்த மூன்று மாதமும் நான் வேளைக்குச் சாப்பிட்டேன், கதைகள் எழுதினேன், நண்பர்களிடம் கொள்கை விட்டுக்கொடுக்காதவன் என்று பெயர் வாங்கினேன். என் வீட்டு அடுப்பு ஒரு வேளைகூட அணையவில்லை. அமெரிக்க சட்டசபையை நான் குறை சொல்லும்போதெல்லாம் அந்த மாத்திரைகள் கண்முன் வந்துவிடுகின்றன.

எந்தச் சண்டைக்கும் போகாதே என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனமில்லை. நியாயத்துக்காக ஒன்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நிறுத்துங்கள். அணைகிற முதல் அடுப்பு உங்கள் வீட்டு அடுப்பாக இருக்கட்டும்.