எல்லாரும் வாங்கினார்கள்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் தரைத்தளங்கள் நீருக்குள் மறைந்தன. தெருக்களில் படகுகள் ஓடின. செம்பரம்பாக்கம் ஏரியை யார், எப்போது திறந்தார்கள் என்று ஊரெல்லாம் கேட்டது. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரோ அதற்கு மேலே இருக்கிறது. முடிச்சூருக்கு வந்த வெள்ளம் பெரும்பாலும் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். ஆற்றின் போக்கைப் பார்த்தாலே விளங்கும் செய்தி இது. எனினும் எல்லாரும் சொன்னதையே நாமும் சொன்னோம்.

இது சிறிய செய்தி. இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தாழ்ந்த அந்த நிலம் குடியிருக்கத் தக்கது என்று ஆயிரக்கணக்கானோர் எவ்வாறு நம்பினார்கள்?

அவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆசிரியர்கள், இரயில்வே ஊழியர்கள், வங்கிப் பணியாளர்கள். கத்தரிக்காய் வாங்கும்போதுகூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குபவர்கள். மனை வாங்குமுன் பட்டாவைப் பார்த்தார்கள், வில்லங்கச் சான்று எடுத்தார்கள், வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் கேட்கவில்லை. அங்கே நெல் பயிரிட்ட முதியவர் யாரையேனும் கேட்டிருந்தால் விரலை நீட்டிக் காட்டியிருப்பார்.

மனை விற்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் ஆட்களை ஏற்றிச்சென்று, மதிய உணவும் கொடுத்து, வெள்ளைக் கல் நட்ட நிலத்தைக் காட்டுவது நம் புறநகர் நன்கறிந்த வழக்கம். வேனில் இருப்பவர்களில் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டால் போதும், மற்றவர்களின் முகம் மாறிவிடும். ‘விசாரிக்காமலா கொடுப்பார்?’ என்று இரண்டாமவர் எண்ணுகிறார். இரண்டு பேர் கொடுத்ததைக் கண்டு மூன்றாமவர் கொடுக்கிறார். இருபது பேர் வாங்கியபின் இருபது பேர் ஆராய்ந்து முடிவு செய்ததுபோன்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது. உண்மையில் ஒருவரும் ஆராய்ந்திருக்க மாட்டார்.

சாலமன் ஆஷ் என்னும் உளவியலார் 1951இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதற்குச் சம நீளமுடையது என்று கேட்டார். குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களுள் ஒருவர் தவிர மற்றவர்கள், முன்பே பேசி வைத்தபடி, தவறான விடையைச் சொன்னார்கள். அந்த ஒருவராக அமர்ந்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் ஒருமுறையேனும் கண்ணுக்கு எதிரே இருந்ததை மறுத்துக் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். பின்னர் விசாரித்தபோது சிலர், ‘தவறென்று தெரியும், தனித்து நிற்க விரும்பவில்லை’ என்றார்கள். வேறு சிலர், தம் கண்ணில்தான் குறை இருக்கவேண்டும் என்று எண்ணியதாகச் சொன்னார்கள்.

இவ்விரு வகையினரையும் நாம் ஒன்றாகக் கருதலாகாது. முன்னவருக்கு உள்ளே ஒரு சாட்சி இருக்கிறது. அவர் வாயை மூடிக்கொண்டார். பின்னவரிடத்தில் அந்தச் சாட்சியே மாறிவிட்டது. மனை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பின்னவரைச் சேர்ந்தவர்கள். பிறரை நம்புவது குற்றமா? அன்று. பேருந்தில் ஏறும்போது ஓட்டுநரைத் தேர்வு வைத்தா ஏறுகிறோம்? பிறர் தாமே கண்டு சொல்லும்வரை அவர்களின் எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டால், நூறு பேரும் ஒருவரே.

ஆகாபு அரசன் போருக்குப் போகலாமா என்று கேட்டபோது நானூறு இறைவாக்கினர் ஒரே குரலில் போகலாம் என்றனர். மீக்காயாவை அழைக்கச் சென்ற தூதன், நீரும் அவ்வாறே நல்லதாகச் சொல்லிவிடும் என்று வேண்டிக்கொண்டான். அவன் மிரட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். நம் நடுவிலும் கூட்டத்தின் நெருக்கடி பெரும்பாலும் அன்பின் குரலிலேயே வருகிறது. புதுமனை மந்திரிப்பு விருந்தில், இங்கே தண்ணீர் நிற்குமே என்று எவரேனும் சொல்லிவிட்டால், நல்ல நாளில் ஏன் இந்தப் பேச்சு என்று கையைப் பிடித்து அடக்கிவிடுகிறோம்.

இதுவரை சொன்னது வாங்கியவர்களைப் பற்றி. வெள்ளம் வடிந்த பிறகு எழும் கேள்வி இதைவிடக் கடினமானது. அடையாறு அகலப்படுத்தப்பட்டது; கால்வாய்கள் வெட்டப்பட்டன. பயனில்லை என்று சொல்லமாட்டோம். எனினும் 2021 நவம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மீண்டும் நீர் புகுந்தது. சுவரில் நீர் நின்ற தடத்தின்மேல் வண்ணம் பூசப்படுகிறது. மனை தேடி வரும் புதியவர், ‘மழைக்காலத்தில் இங்கே எப்படிங்க?’ என்று கேட்கிறார். தெருவில் நிற்பவர் என்ன சொல்வார்?

உண்மையைச் சொன்னால் தம் வீட்டின் விலை மட்டுமன்று, தெரு முழுவதின் விலையும் விழும். பக்கத்து வீட்டுக்காரர் மகளின் திருமணத்திற்காக அந்த ஒரு கிரவுண்டை விற்கக் காத்திருக்கலாம். ஆகவே இந்த மௌனத்தைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் அயலார்மீது கொண்ட பற்றும் கலந்திருக்கிறது. அதனாலேயே அது இத்துணை உறுதியாக நிற்கிறது. ஆனால் இருபது ஆண்டுக் கடனையும் இரு குழந்தைகளையும் சுமந்து அந்தத் தெருவுக்கு வர இருப்பவரும் நாளைய அயலார் அல்லரோ? அவரிடம் மறைப்பவர், தம்மை ஏமாற்றிய வேனில் இப்போது முன் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். கடுமையான சொல்தான், அவரும் இழந்தவர் என்பதை நாம் மறக்கவில்லை.

ஆஷின் ஆய்வில் இன்னொரு பகுதியும் உண்டு. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால், தனித்திருந்தவர் கூட்டத்திற்குப் பணிவது மிகவும் குறைந்துபோயிற்று. ஆகவே மனை பார்க்கப் போகிறவர்கள் சித்திரையில் போகாமல் கார்த்திகையில் போகலாம். தரகர் உடனில்லாத வேளையில், ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் தனித்தனியே கேட்கலாம். வாடகைக்குக் குடியிருப்பவரை முதலில் கேட்பது நல்லது. அவருக்கு விற்க ஒன்றும் இல்லை.