பிறர் சொல்லை எதுவரை நம்பலாம்?

1987இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் உலக ஜூனியர் சதுரங்கப் பட்டம் வென்றார் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் பீல் போட்டியில், கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் ஆறே நகர்த்தல்களில் தோற்றார். ஆட்டத் தொடக்கம் பெட்ரோவ் தற்காப்பு. நடுப்பலகையில் நின்ற குதிரைக்குத் துணையாக மந்திரியை வெளியே கொண்டுவந்தார். சபாட்டா தன் ராணியை ராஜாவுக்கு முன்னால் வைத்தார். குதிரை நகர முடியாது, நகர்ந்தால் ராஜாவுக்குச் செக்; நின்றால் சிப்பாய் வந்து வெட்டும். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அந்த மந்திரி நகர்த்தல் புதிதல்ல. முந்தைய ஆண்டு மைல்ஸ் என்ற ஆட்டக்காரருக்கு எதிராகக் கிறிஸ்டியன்சன் என்பவர் ஆடியதுதான். மைல்ஸ் அதைத் தண்டிக்கவில்லை, ஆட்டம் டிரா. அதை நம்பித்தான் ஆனந்தும் ஆடினார்.

பிறர் சொல் அறிவாகுமா என்பது பழைய வழக்கு. சார்வாகர் கண்ணால் கண்டதை மட்டும் ஏற்றார்கள். நியாய தரிசனம் ஆப்தரின் சொல்லையும் பிரமாணமாகக் கொண்டது. ஆப்தர் யார்? பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர் என்கிறார் நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர்.

பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட்டின் வீட்டு வழக்கும் இதுதான். 1909இல் அடையாறு கடற்கரையில் அவருடைய சகா லெட்பீட்டர் கண்ணில் பட்ட சிறுவன் கிருஷ்ணமூர்த்தியை உலக குருவாக வளர்த்தார் பெசன்ட். வளர்ந்த பிள்ளை 1929இல், ஹாலந்தின் ஓமனில், தனக்காக உருவான அமைப்பையே கலைத்தார். குருவும் வேண்டாம், நூலும் வேண்டாம் என்றார். (அந்தப் பேச்சுகளே இன்று நூல்களாகி மேற்கோள் காட்டப்படுவது வேறு கதை.)

வயதுவாரிச் சதுரங்கப் போட்டியில் சிசிலியன் நைடார்ஃப் தொடக்கத்தை ஆடும் பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தத் துறவு கட்டுப்படியாகாது. 'விஷச் சிப்பாய்' வரிசையில் ஒரு நகர்த்தல் பிசகினால் தோல்வி. கடிகாரம் ஓடும்போது அத்தனையையும் சொந்தமாகக் கண்டுபிடிக்க முடியாது. நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் இன்று அந்தப் பிள்ளை நம்புவது ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலை. அந்த நிரல் மனிதரைவிட ஆழமாகக் கணக்கிடும். காரணம் மட்டும் சொல்லாது. வாத்ஸ்யாயனரின் முதல் நிபந்தனையில் அது தேறும். இரண்டாவதில் தேறாது; அதற்கு விருப்பம் என்று ஒன்றே இல்லை.

அதற்காகச் சொந்தக் கண்ணையே நம்பிவிடலாம் என்றும் இல்லை. 2013இல் சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஒன்பதாவது ஆட்டம். வென்றே தீர வேண்டிய ஆனந்த், நிம்சோ இந்தியன் தொடக்கத்தில் கூர்மையான வரிசையைப் பிடித்துத் தாக்கினார். எதிராளி கார்ல்சனின் சிப்பாய் ராணியாகிச் செக் வைத்தது. மந்திரியால் மறித்திருக்க வேண்டிய இடத்தில், 28ஆவது நகர்த்தலில், ஆனந்த் குதிரையால் மறித்தார். அடுத்த நொடியே கார்ல்சன் ராணியை நகர்த்த, ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்.