சொல்லி அனுப்புறோம்

2025 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பதினொரு மணிக்கு எங்கள் வீதி அக்கா வாசப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இருபது வருசமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். அந்த நேரத்தில் அவரை வீட்டில் பார்த்ததே இல்லை.

"ஏனுங்க்கா, லீவுங்களா?"

"லீவு என்ன கண்ணு... ஆர்டர் இல்லியாம். சொல்லி அனுப்புறோம்னுட்டாங்க."

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த 'சொல்லி அனுப்புறோம்' புரியும். வேலையை விட்டு நிறுத்தவில்லை, வேலையும் இல்லை. கடிதம் கிடையாது, கணக்கு முடிப்பது கிடையாது. சனிக்கிழமை சம்பளம் மட்டும் வராது.

ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியிருந்தது. முந்தைய நிதியாண்டில் சுமார் 45,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது.

"சர்க்கார்ல ஏதாச்சும் குடுப்பாங்களா?" என்று கேட்டார் அக்கா. கேட்ட உடனே அவருக்கே கூச்சமாகிவிட்டது. "பிச்சை கேக்கற மாதிரி இருக்குதல்ல?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வியாபாரத்தில் வேலை இழந்தவருக்கு அரசு கொடுப்பது தர்மமா, பாக்கியா?

பாக்கிதான் என்று ஒரு நாடு சட்டமே போட்டது. 1962-ல் கென்னடி காலத்தில் அமெரிக்கா இறக்குமதிக்குக் கதவைத் திறந்தபோது, அதனால் வேலை போகிறவர்களுக்கு உதவித்தொகையும் வேறு தொழில் கற்கும் செலவும் தர ஏற்பாடு செய்தது. அதன் தர்க்கம் எளிது. துணி மலிவானால் நாடு முழுக்க லாபம். நஷ்டம் மட்டும் சில ஊர்களில், சில ஆயிரம் குடும்பங்களில் வந்து குவிகிறது. லாபம் பார்த்தவர்கள் அதில் ஒரு பங்கை அவர்களுக்குத் தர வேண்டும். 2003 ஜூலையில் பில்லோடெக்ஸ் கம்பெனி மூடியபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். வட கரோலினாவின் கன்னாபொலிஸ் ஊரே ஸ்தம்பித்தது. அங்கே துண்டு நெய்த கைகள் பல, இந்த உதவியில்தான் கல்லூரிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தன. அவர்கள் இடத்தைப் பிடித்த துண்டுகளில் நம் கரூர் துண்டும் உண்டு. அன்றைக்கு 'இறக்குமதி' என்பது நாம்தான்.

அந்தத் திட்டத்தையும் 2022 ஜூலையோடு புதிய மனுக்களுக்கு மூடிவிட்டார்கள்.

நம்மிடம் ஒன்றுமே இல்லாமல் இல்லை. மூடப்பட்ட ஜவுளி ஆலைத் தொழிலாளர்களுக்கு 1986-ல் மறுவாழ்வு நிதி வந்தது. முதல் வருடம் சம்பளத்தில் 75 சதவீதம், அடுத்து 50, அடுத்து 25. ஆனால் 2017-ல் நின்றுபோன அந்தத் திட்டத்துக்கு ஆலை நிரந்தரமாக மூடியிருக்க வேண்டியிருந்தது. பனியன் கம்பெனி எங்கே மூடுகிறது? சொல்லி அல்லவா அனுப்புகிறது! இ.எஸ்.ஐ.யில் 2018-ல் அடல் பெயரில் வந்த திட்டம் சம்பளத்தில் கால்பங்கு தந்தது. கொரோனா நேரத்தில் அது பாதியானது. அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே தடவை. அதற்கும் இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். கான்ட்ராக்டில், பீஸ் ரேட்டில் ஓடுகிறவர்களில் பலருக்கு அது பாதியிலேயே அறுந்துபோகிற நூல்.

2025 வரி அடிக்குப் பிறகும் அரசு சும்மா இருக்கவில்லை. பஞ்சு இறக்குமதி வரியை நிறுத்தி வைத்தது. ஏற்றுமதியாளர் கடனுக்கு 20,000 கோடி வரை உத்தரவாதம், 25,060 கோடியில் ஏற்றுமதி மேம்பாட்டு மிஷன். இவை தேவைதான். முதலாளி மூழ்கினால் அக்காவுக்கும் வேலை இல்லை. ஆனால் நெல்லுக்கு விட்ட தண்ணீர் புல்லுக்கும் போகும் என்ற கணக்கில், புல்லின் பெயர் எந்த நோட்டிலும் இல்லை.

நண்பன் ஒருவன் மறித்தான். "இருபது வருசம் அந்த ஏற்றுமதியில்தானடா சாப்பிட்டாங்க? ஏத்தத்துல வாங்குனா எறக்கத்துல தாங்கணும்." நியாயம் போலத்தான் தெரிந்தது. ஆனால் ஏற்றத்தில் அக்கா வாங்கியது ஒன்றரை ஷிப்ட் நின்ற காலுக்கான கூலி. லாபத்தில் பங்கு என்று எதுவும் இல்லை. சீட்டாட உட்காராதவரிடம் தோற்ற பணத்தை மட்டும் கேட்கிறோம்.

அவன் இன்னொன்றும் கேட்டான். "மெஷின் வந்து வேலை போனவனுக்கும் அதே பசிதானே?" அதே பசிதான்; அவனுக்கும் கொடுக்கத்தான் வேண்டும். காரணத்தைத் தேடுவது பசியை அளப்பதற்கு இல்லை, கடன்காரன் யார் என்று கண்டுபிடிப்பதற்கு.

கொடுப்பதைவிட நமக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு: கதவைச் சாத்துவது. 2011-ல் வங்கதேசத்தின் 46 வகை ஜவுளிப் பொருட்களுக்கு இந்தியா வரியை நீக்கியது. உள்நாட்டுச் சந்தைக்குத் தைப்பவர்கள் வயிற்றில் அடி என்றார்கள். 2025 மே மாதம் அந்த ஆடைகள் தரைவழியே வரத் தடை வந்தபோது இங்கே சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. நானும் பட்டேன். பிறகுதான் தோன்றியது, டாக்கா பக்கம் காஜிப்பூரிலும் யாரோ ஒரு பெண் செக்கிங் டேபிளை விட்டு வீட்டுக்கு வந்திருப்பாள். மூன்றே மாதத்தில் வேறொரு நாடு நம் மீது கதவைச் சாத்தியது.

வரி போட்டால் நஷ்டம் இன்னொரு ஊர்ப் பெண்ணின் தலைக்கு மாறுகிறது. அப்படி யார் தலைக்கும் மாற்றாத வழி, இழந்தவருக்கு நேராகக் கொடுப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அது ஒரு துண்டுக் காகிதத்தில் தொடங்கும்: இன்ன தேதியிலிருந்து இவருக்கு வேலை தர முடியவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு. வாய்ச்சொல்லாக அனுப்புகிறவரை பாக்கி யார் கணக்கிலும் ஏறாது.

"பிச்சை இல்லீங்க்கா, உங்க பாக்கி" என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கே போய்க் கேட்பது என்று அடுத்து கேட்டிருப்பார்.